பெயர் எழுதத் தேவையில்லை

ஆசிரியர்களுக்குத் தன்னம்பிக்கை ஊட்டுவதற்கு அரை நாள் போதும் என்று மேலிடத்தில் யாரோ முடிவு செய்திருந்தார்கள். காலை எட்டரைக்குத் தொடங்கி, இடையில் ஒரு தேநீர், ஒன்றரைக்குச் சோற்றுப் பார்சல். அதோடு நம்பிக்கை பூரணமாகிவிடும். எங்கள் ஊர்ப் பாடசாலை மண்டபத்தில் அந்தச் செயலமர்வு நடந்தபோது நானும் இருந்தேன். நான் ஆசிரியன் இல்லை. அரசாங்க அலுவலகம் ஒன்றில் கடிதம் எழுதுகிற உத்தியோகம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றோர் பிரதிநிதி. வடையும் ரோல்ஸும் எங்கள் சங்கத்தின் பொறுப்பு. அவை வந்து சேர்ந்த பின்னும் நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. என் மகள் அங்கே பத்தாம் தரத்தில் படிக்கிறாள். அவளுடைய ஆசிரியர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று நேரில் பார்க்கக் கிடைத்த சந்தர்ப்பத்தை ஒரு தகப்பன் விடுவானா?

செயலமர்வை நடத்துகிற வளவாளர் மடிப்புக் குலையாத சட்டையில் வந்திருந்தார். திரையில் ஒரு பூனை கண்ணாடியைப் பார்த்தது. கண்ணாடிக்குள் ஒரு சிங்கம் நின்றது. "நீங்கள் எல்லாரும் சிங்கங்கள்" என்று அவர் சொன்ன கையோடு மின்சாரம் நின்றது. பூனையும் போனது, சிங்கமும் போனது. திரை இல்லாமல் என்ன கதைப்பது என்று தெரியாமல் அவர் இருபது நிமிடம் தண்ணீர் குடித்தார். மின்சாரம் திரும்பி வந்ததும் அவருடைய தன்னம்பிக்கையும் திரும்பி வந்தது.

கடைசியில் ஒரு படிவம் கொடுத்தார்கள்.

"ஒருத்தரும் பேர் எழுதத் தேவையில்லை" என்றார் வளவாளர். "மனம் திறந்து எழுதுங்கோ. பாடத்தையும் படிப்பிக்கிற வகுப்பையும் மட்டும் மேலை போட்டால் காணும்."

எங்கள் பாடசாலையில் பத்தாம், பதினோராம் தரங்களுக்குக் கணிதம் படிப்பிப்பவர் ஒரே ஒருவர். சங்கீதத்துக்கு ஒருவர். விவசாயத்துக்கு ஒருவர். பாடத்தையும் வகுப்பையும் எழுதினால் பெயர், வீட்டு விலாசம், மோட்டார் சைக்கிள் நிறம் எல்லாம் எழுதியது போலத்தான். இதை யாரும் சொல்லவில்லை. ஆசிரியர்கள் ஒருவரையொருவர் ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார்கள்.

எழுதி முடிந்ததும் அதிபர் படிவங்களை எண்ணிக் கட்டித் தரும்படி என்னிடம் தந்தார். வாசிக்காமல் கட்டச் சொல்லி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் வாசித்திருப்பேன்.

"வகுப்பறைக்குள் நுழையும்போது எனக்குப் பதற்றம் ஏற்படுவதில்லை." ஒன்றிலிருந்து ஐந்து வரை ஓர் இலக்கத்துக்கு வட்டம் போடவேண்டும்; ஐந்து என்றால் முழுக்க உண்மை. எல்லோரும் ஐந்து போட்டிருந்தார்கள். "மாணவர்களின் கேள்விகளை நான் மகிழ்ச்சியோடு எதிர்கொள்கிறேன்." எல்லோரும் ஐந்து. விவசாயம் படிப்பிக்கிற சேர் ஐந்தைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டிருந்தார். ஒரு வட்டத்துக்குள் அவருடைய நம்பிக்கை அடங்கவில்லை போலும். இவ்வளவு சிங்கங்களை ஒரே மண்டபத்தில் வைத்துக்கொண்டு எதற்குச் செயலமர்வு என்று நினைத்தபடி எண்ணிக்கொண்டு போனபோது அந்த ஒரு படிவம் வந்தது. கணிதம், தரம் 10, 11. ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று.

கீழே கருத்து எழுத விட்டிருந்த இடத்தில் நீலப் பேனையால், நிதானமான எழுத்தில் இப்படி இருந்தது: "கரும்பலகைக்குத் திரும்பும்போது என் முதுகுக்குப் பின்னால் பெற்றோர் நிற்பது போல இருக்கிறது. ஒரு பிள்ளை கேள்வி கேட்டால், அது பிள்ளையின் கேள்வியா வீட்டிலிருந்து வந்த கேள்வியா என்றுதான் முதலில் யோசிக்கிறேன். அந்த யோசனையில் விடை மறந்து போகிறது."

அதற்கும் கீழே கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. அதையும் அவர் எழுதியிருந்த பதிலையும் வாசித்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அன்றைக்கும் நான் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

அந்த ஆசிரியை எங்கள் பாடசாலைக்கு வந்து அப்போது எட்டு மாதம். முப்பத்தைந்து வயதிருக்கும். கணிதத்தில் பட்டம் பெற்றவர். எங்களைப் போன்ற ஊர்ப் பாடசாலைக்கு அப்படி ஒருவர் வருவது அருமை. அவரை நாங்கள் வரவேற்ற விதமும் அருமைதான். முதல் வாரம் பிள்ளைகளை ஏற்ற வந்து பாடசாலை வாசல் கேற்றடியில் நின்ற பெற்றோர் "என்ன படிச்சவா?" என்று கேட்கவில்லை. "எந்த இடம்?" என்று கேட்டார்கள். வெளியூர் ஆட்களுக்கு இது புவியியற் கேள்வி போலத் தோன்றும். கொழும்புத்துறைப் பக்கம் என்று ஒருவர் சொன்னார். "கொழும்புத்துறையிலை எவடம்?" என்று அடுத்த கேள்வி வந்தது. கரையோரம், தகப்பன் கடலுக்குப் போகிறவர் என்று பதில் வந்தது. அதன் பிறகு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. "ம்" என்று மட்டும் சொன்னார்கள். நானும் "ம்" சொன்னேன். நான் படித்தவன், இதெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை. அதனால் கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன்.

அதன் பிறகு எங்கள் அக்கறை தொடங்கியது. பிள்ளைகளின் கொப்பிகளைப் படம் பிடித்துப் பெற்றோரின் கைபேசிக் குழுவில் போட்டோம். ஒரு கணக்குக்குச் சரி போட மறந்திருந்தால் சிவப்பு வட்டம் கீறிப் போட்டோம். எங்கள் வகுப்பறைகளுக்கு அரைச்சுவர்தான். சாப்பாட்டுப் பெட்டியை வீட்டில் விட்டுவிட்டு வருகிற பிள்ளைகளின் எண்ணிக்கை அந்தத் தவணையில் திடீரென்று கூடியது. பெட்டியைக் கொண்டு வந்த தகப்பன்மாரும் தாய்மாரும் கணித பாடம் முடியும்வரை அரைச்சுவரோடு நின்றார்கள். முந்தி இருந்த கணித சேர் ஒரு பாடவேளைக்குப் பத்து நிமிடம்தான் வகுப்பில் நிற்பார். மிச்ச நேரம் தன் மரவள்ளித் தோட்டத்தைப் பற்றித் தொலைபேசியில் கதைப்பார். அவருக்கு ஒருவரும் சாப்பாட்டுப் பெட்டி கொண்டு போனதில்லை. அவரை எங்களுக்குத் தெரியும், எங்கள் இடம்.

வீட்டுக் கேள்வி என்பது எங்களுடைய கண்டுபிடிப்பு. ரியூசனில் கொடுத்த கடினமான கணக்கொன்றைப் பிள்ளையிடம் கொடுத்து, "விளங்கேல்லை எண்டு ரீச்சரைக் கேள்" என்று அனுப்புவது. ரீச்சர் செய்தால் சரி. தடுமாறினால் குழுவில் ஒரு செய்தி. நான் ரியூசனோடு நிற்கவில்லை. என் பழைய உயர்தரப் புத்தகத்தைப் பெட்டிக்குள்ளிருந்து தூசி தட்டி எடுத்தேன். ஒன்றையொன்று தொடுகிற மூன்று வட்டங்கள் பற்றிய ஒரு நிறுவல்.

மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சாருங்கோ, உந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியுமோ?"

"எனக்குத் தெரியவேணுமெண்டில்லை. அவவுக்குத் தெரியவேணும்."

"பத்தாம் வகுப்புக்கு உது வருமோ?"

"வராது."

"அப்ப?"

"ஆழம் பாக்கத்தான்."

"நீங்கள் ஆழம் பாக்கிறதுக்குப் பிள்ளையையோ இறக்கிறியள்?" என்றுவிட்டு அவள் உள்ளே போனாள். அவளுக்குக் கல்வியின் முக்கியத்துவம் போதவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

மகள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். ஆசிரியை கரும்பலகையில் வட்டங்களைக் கீறிவிட்டு வெண்கட்டியோடு அப்படியே நின்றாராம். பிறகு, "நாளைக்குச் செய்துகொண்டு வாறன்" என்றாராம். அன்று மாலைக்குள் அந்த "நாளைக்கு" குழு முழுவதும் சுற்றிவிட்டது. அடுத்த நாள் அவர் அதை இரண்டு வழியில் செய்து காட்டினார். அதை யாரும் குழுவில் போடவில்லை. நானும் போடவில்லை. இரண்டு வழியையும் மகளின் கொப்பியில் பார்த்தேன். இரண்டாவது எனக்கு விளங்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு அந்தப் படிவத்தை வாசித்த எனக்கு என்ன தோன்றியிருக்கவேண்டும் என்று இப்போது தெரிகிறது. அன்று தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: அடுத்த வருடம் என் பிள்ளைக்குச் சாதாரண தரப் பொதுப் பரீட்சை, அவளுக்குக் கணிதம் படிப்பிக்கிறவருக்கு வகுப்பறையைக் கண்டால் பயம். படிவத்தைக் கட்டின் நடுவில் செருகி, நூலை இறுக்கி முடிந்து அதிபரிடம் கொடுத்தேன். நேரே கேற்றடிக்குப் போய், அங்கே மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்ற இன்னொரு தகப்பனிடம் சொன்னேன். அவருடைய மகனும் அதே வகுப்பு.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"சீச்சீ, நான் ஏன் அண்ணை சொல்லுறன்?" என்றார். "அப்ப ஒண்டுதானே போட்டிருக்கிறா?"

"ஒண்டும் இரண்டும்."

"எங்கடை பிள்ளையளின்ரை கெதி?"

"அதுதான் எனக்கும் யோசினை."

நான் வீட்டுக்குப் போய்ச் சைக்கிளைச் சுவரோடு சாத்துவதற்குள் குழுவில் வந்துவிட்டது. ஒன்றும் இரண்டும் போன வழியில் பூச்சியமாகியிருந்தன. இன்னொருவர், ரீச்சருக்கு நித்திரைக்குக் குளிசை விழுங்குகிற பழக்கமாம் என்று எழுதியிருந்தார். எங்கே கேள்விப்பட்டார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் கை கூப்பிய படம் போட்டார்கள்.

இரண்டு நாளில் அதிபருக்குக் கடிதம் கொடுக்கவேண்டும் என்று முடிவாயிற்று. கடிதம் என்றால் நான்தான். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே எழுதினேன். குற்றம் சொல்லி ஒரு சொல் கிடையாது. "அன்னாரின் உளநலத்தைக் கருத்திற் கொண்டு, பொதுப் பரீட்சை வகுப்புகளின் சுமையிலிருந்து அவரைத் தற்காலிகமாக விடுவித்து உதவுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்." எழுதி முடித்ததும் என் மனிதாபிமானத்தை நானே ஒரு தடவை உரக்க வாசித்துப் பார்த்தேன். செயலமர்வில் கேட்ட "உளநலம்" என்ற சொல் இவ்வளவு சீக்கிரம் கைகொடுக்கும் என்று நினைத்திருக்கவில்லை. ஒருவர் பார்க்கிற உத்தியோகத்தை அவருடைய நன்மைக்காகவே பறிக்க இதைவிடச் சிறந்த சொல் கிடையாது.

அதிபர் ஆசிரியையை அறைக்குக் கூப்பிட்டார். பெற்றோர் சார்பில் நானும் இருக்கவேண்டும் என்றார். தனியே சொல்ல அவருக்கும் பயம். அவரும் படிவத்தில் ஐந்து போட்டவர்தான்.

"ரீச்சர், இது உங்கடை நன்மைக்குத்தான்" என்றார் அதிபர். "பெற்றார் உங்களிலை உள்ள அக்கறையிலைதான் எழுதியிருக்கினம்."

ஆசிரியை கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார்.

"நல்ல தமிழ்" என்றார். "ஆர் சேர் எழுதினது?"

அதிபர் மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

"எல்லாருமாச் சேர்ந்துதான்" என்றேன் நான்.

"எனக்குப் பயம் எண்டு இவைக்கு ஆர் சொன்னது?"

அதிபர் மேசையில் கிடந்த பேனைகளை வரிசையாக அடுக்கினார்.

"பேர் எழுதத் தேவையில்லை எண்டுதானே சொன்னவை?"

"பேர் ஒருத்தற்றையும் இல்லைத்தான் ரீச்சர்..." என்று அதிபர் இழுத்தார்.

ஆசிரியை என் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்கள்தானே கட்டினனீங்கள்?"

"ஓம்."

"கடைசிக் கேள்வியையும் வாசிச்சனீங்களோ?"

"நான் ஒண்டும் வாசிக்கேல்லை. எண்ணிக் கட்டினதுதான்."

எவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்று எனக்கே ஆச்சரியம். அந்த நேரத்தில் யாராவது படிவம் நீட்டியிருந்தால் ஐந்தைச் சுற்றி மூன்று வட்டம் போட்டிருப்பேன்.

கடைசிக் கேள்வி இதுதான்: "இவ்வகுப்பினைத் தொடர்ந்து கற்பிக்க விரும்புகிறீர்களா?" அவர் "ஆம்" என்ற பெட்டிக்குள் சரி போட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்: "இந்தப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். பதினோராம் தரம் முடியும்வரை இவர்களோடு நிற்க விருப்பம்." கேற்றடியில் இதை நான் சொல்லவில்லை. மறந்துபோய் விட்டதல்ல. இதையும் சொன்னால் கதையின் வேகம் குறைந்துவிடும் என்று தெரிந்தே விட்டேன்.

ஆசிரியை கதிரையிலிருந்து எழுந்தார். கடிதத்தை நாலாக மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவருக்கு ஆறாம் தரக் கணிதமும் நூலகமும் கொடுத்தார்கள். பத்தாம், பதினோராம் தரங்களை விவசாய சேர் பொறுப்பெடுத்தார். கணிதம் அவருடைய பாடம் இல்லைத்தான். அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை, நாங்களும் கவலைப்படவில்லை. அரைச்சுவரோடு போய்ப் பார்த்தோம். நெஞ்சை நிமிர்த்தி நின்றார். குரல் கேற் வரைக்கும் கேட்டது. கரும்பலகை எழுத்து அச்சடித்தது போல இருந்தது. ஒரு தடவையாவது தயங்கவில்லை. ஆறுதலோடு திரும்பினோம். சாப்பாட்டுப் பெட்டிகள் மறக்கப்படுவது நின்றது.

மூன்றாவது வாரம் மகள் கொப்பியோடு வந்தாள்.

"அப்பா, மைனஸ் இரண்டாலை இரண்டு பக்கத்தையும் வகுத்தால் பெரிசு சின்னன் காட்டுற சமனிலி அடையாளம் மற்றப் பக்கம் திரும்பவேணுமெல்லோ?"

"ஓம்."

"சேர் திருப்பேல்லை."

"கேட்டனீயோ?"

"கேட்டனான். 'பதினெட்டு வருசமாத் திரும்பாதது இண்டைக்கு உனக்காகத் திரும்பப்போகுதோ' எண்டார். எல்லாரும் சிரிச்சவை. இனி நான் கேக்கமாட்டன்."

கொப்பியைப் பார்த்தேன். பக்கம் முழுவதும் பிழை. ஆனால் எவ்வளவு அழகாக வரிசை பிடித்து நின்றது! ஒவ்வொன்றுக்கும் சரி போட்டிருந்தது. நாங்கள் குழுவில் சிவப்பு வட்டம் கீற ஓர் இடம்கூட இல்லை.

பிள்ளைகள் நாலைந்து பேர் இடைவேளையில் நூலகத்துக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். மகளும் போனாள். முதல் நாள் அவள் கணக்கைக் காட்டியபோது ஆசிரியை கொப்பியைத் தொடாமல் கேட்டாராம்: "இது உம்மடை கேள்வியோ, வீட்டுக் கேள்வியோ?"

"என்ரை கேள்விதான் ரீச்சர் எண்டனான்" என்றாள் மகள். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்த மூண்டு வட்டக் கணக்கு ஆற்றை எண்டும் கேட்டவா" என்றாள்.

"என்ன சொன்னனீ?"

"உண்மையைச் சொன்னனான்."

மனைவி சொதியை என் சோற்றுக் கோப்பையில் ஊற்றிக்கொண்டு நின்றாள். "காணுமோ?" என்று கேட்டாள். சொதியைத்தான் போதுமா என்று கேட்டாள் என நினைத்துக்கொண்டேன்.

தவணைப் பரீட்சைப் புள்ளிகள் வந்தன. வகுப்பு அப்படியே கீழே போயிருந்தது. மகளும்தான். விவசாய சேர் கலங்கவில்லை. பிள்ளைகளின் அடித்தளம் சரியில்லை என்றார். பெற்றோர் கலங்கினார்கள். யாரோ ஒருவர் குழுவில், "பழைய ரீச்சர் பரவாயில்லை போல" என்று எழுதினார். பதினைந்து பேர் கை கூப்பினார்கள். அதே கைகள்தான். பிறகு, அவரைத் திரும்பத் தரும்படி அதிபருக்குக் கடிதம் எழுதவேண்டும், அண்ணை நீங்கள்தான் அழகாக எழுதுவீர்கள் என்று செய்தி வந்தது. அதிபர் அதற்கு முன்பே கேட்டுப் பார்த்திருந்தார். ஆசிரியை மாட்டேன் என்றுவிட்டார். இடமாற்றத்துக்கு விண்ணப்பப் படிவம் எடுத்து வைத்திருக்கிறார் என்றும் அதிபர் சொன்னார். "நீங்கள் ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோ" என்று என்னை அனுப்பினார்.

நூலகத்தில் அவர் பழைய புத்தகங்களுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே கதைத்தேன். அலுவலகத்தில் நான் எழுதுகிற கடிதம் போலவே வந்தது. பிள்ளைகளின் எதிர்காலம், தங்கள் சேவை, கடந்ததை மறந்து. அவர் பசை பூசி முடிக்கும்வரை கேட்டார்.

"நான் பயம் எண்டு எழுதினது பொய்யில்லை" என்றார். "பயம்தான். வீட்டிலை மூண்டுதரம் செய்து பாத்திட்டுத்தான் வகுப்புக்கு வருவன். கரும்பலகையடியிலை அரைச்சுவரைக் கண்டவுடனை எல்லாம் கலைஞ்சுபோகும். ஆரும் உதவி செய்வினம் எண்டு நினைச்சுத்தான் எழுதினனான்."

"ரீச்சர், நான்..."

"நீங்கள் வாசிச்சனீங்கள்."

"ஓம்" என்றேன். ஒரு தவணைக்குப் பிறகு.

"பயம் எண்டதைச் சொல்லியிருக்கிறியள். நிக்க விருப்பம் எண்டதைச் சொல்லேல்லை. ஏன் ஐயா?"

ஏன் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல், அவர் உறை போட்ட புத்தகம் ஒன்றை எடுத்து நேராக்கி வைத்தேன். அவர் வேறு ஊரில், வேறு கரையில், வேறு ஆளுக்குப் பிள்ளையாகப் பிறந்திருந்தால் இரண்டையும் சொல்லியிருப்பேன். ஒருவேளை இரண்டையும் சொல்லாமல் விட்டிருப்பேன்.

"உங்கடை கடிதம் எனக்கு வேண்டாம்" என்றார். "வாயாலை சொன்னதை வாயாலையே முடியுங்கோ. அந்தப் பெற்றார் எல்லாரையும் வைச்சு மிச்சத்தையும் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு நான் யோசிக்கிறன். நான் வந்தால் ஒருத்தரும் கேற்றுக்கு உள்ளை வரக்கூடாது. பிள்ளையள் பசி கிடந்தாலும் நான் பாத்துக்கொள்ளுவன்."

அதிபர் பெற்றோர் கூட்டம் வைத்தார். பத்தாம் தர வகுப்பறையில், பிள்ளைகளின் வாங்குகளில் பெற்றோர் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். நான் கரும்பலகைக்கு முன்னால் நின்றேன். சொல்லவேண்டியதை நாலு வரியில் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். முதல் வரியோடு மற்ற மூன்றும் போய்விட்டன. என்னைப் பார்த்துக்கொண்டிருந்த முகங்கள் எல்லாம் எனக்குத் தெரிந்த முகங்கள். ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. எப்படியோ சொன்னேன். படிவத்தை நான்தான் வாசித்தேன். அதில் வகுப்பில் நிற்க விருப்பம் என்றும் இருந்தது. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள் என்றும் இருந்தது. வேண்டுமென்றுதான் சொல்லாமல் விட்டேன். மூன்று வட்டக் கணக்கு என்னுடையது. அதை அவர் இரண்டு விதமாகச் செய்தவர்.

வெட்கப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். எங்கள் ஆட்களைப் பற்றி எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

"அப்ப இவ்வளவு நாளும் எங்களுக்கு மறைச்சிட்டியளே அண்ணை!" என்றார் ஒரு தாய். அவருக்கு உண்மையான கோபம்.

"நாங்கள் நீங்கள் சொன்னதை நம்பித்தானே கையெழுத்து வைச்சனாங்கள்" என்றார் இன்னொருவர்.

கேற்றடித் தகப்பன் எழுந்து நின்றார். "நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. வீட்டிலை மட்டும்தான் சொன்னனான்."

"உங்கடை வீட்டுக்காரி எனக்கு மட்டும்தான் சொன்னவா" என்றார் முன் வாங்கில் இருந்த தாய்.

படிவத்தை வெளியாள் வாசித்த விஷயம் மேலிடத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று அதிபருக்கு வியர்த்தது. "சரி சரி, தேத்தண்ணி ஆறுது" என்றார். எல்லோரும் எழும்பினார்கள். அன்றைய கூட்டத்தின் முடிவு, எல்லாத் தவறும் என்னுடையது என்பது. எனக்கு மறுப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அவர்களுக்கு அது எவ்வளவு வசதியாகப் போயிற்று என்பதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். "எந்த இடம்" என்று கேட்டதைப் பற்றி நான் கூட்டத்தில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்படி ஒரு கேள்வியே யாரும் கேட்டதில்லை என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லியிருப்பார்கள். நானும் அந்தக் குரலில் சேர்ந்திருப்பேனோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அதையும் ஆசிரியை தான் கேட்ட 'மிச்சத்துக்குள்' எண்ணியிருந்தாரா தெரியாது.

திங்கட்கிழமை அவர் பத்தாம் தரத்துக்குத் திரும்பினார். இடமாற்றப் படிவத்தைக் கிழித்தாரா, மேசைக்குள் வைத்திருக்கிறாரா என்று அதிபருக்கும் தெரியாது. கேற்றுக்கு வெளியே நாங்கள் எட்டுப் பத்துப் பேர், கழுத்தை நீட்டினாலும் ஒன்றும் தெரியாத தூரத்தில், வெயிலில் நின்றோம். காலையில் அவர் மோட்டார் சைக்கிளில் எங்களைக் கடந்து போனபோது என்னைப் பார்த்து, "சுகமோ ஐயா?" என்று எப்போதும் போலக் கேட்டார். அதற்குள் ஏதாவது இருந்ததா என்று இன்றுவரை யோசிக்கிறேன். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். அப்படியிருந்தால் அது இன்னும் மோசம்.

பின்னேரம் மகள் வந்து புத்தகப்பையை இறக்கி வைத்தாள்.

"இண்டைக்கு ரீச்சர் ஒரு கணக்குப் பிழை விட்டவா" என்றாள்.

மனைவி குசினிக்குள் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்துவது கேட்டது.

"பிறகு?"

"பாதியிலை தானே கண்டுபிடிச்சு அழிச்சா. அழிச்சுப்போட்டு எங்களைப் பாத்துச் சிரிச்சவா. நாங்களும் சிரிச்சனாங்கள். பிறகு ஆர் வேணுமெண்டாலும் வந்து செய்யுங்கோ எண்டு வெண்கட்டியை நீட்டினவா."

"ஆர் போனது?"

"நான்."

எந்தக் கணக்கு, எந்த வரியில் பிழை, எவ்வளவு நேரம் நின்றார், கொப்பியை ஒருக்கால் காட்டு. இவ்வளவும் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. நான் கேட்கவில்லை. ஒரு தகப்பன் தன் வாழ்நாளில் செய்த பெரிய கல்விப் பணி அதுவாகத்தான் இருக்கும். மகள் முகம் கழுவப் போய்விட்டாள். புத்தகப்பை என் காலடியில், வாய் திறந்தபடி கிடந்தது. அவள் திரும்பி வரும்வரை நான் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.